காரீயத் தூசியும் உன் அம்மா சொன்ன பொய்யும்

தினேஷ்,

நீ உன் அம்மாவோடு பேசுவதை நிறுத்திச் சில வாரங்கள் ஆகிவிட்டன. என்னைக் கூப்பிடுகிறாய். "சாப்ட்டீங்களாப்பா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா" என்று கேட்கிறாய். அம்மாவிடம் கொடுக்கட்டுமா என்றால், "அப்புறம் பேசுறேன்ப்பா, வேலையில இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அவள் என் பக்கத்திலேயேதான் நிற்பாள். நீ வைத்த பிறகு, "என்ன சாப்ட்டானாம்" என்று மட்டும் கேட்பாள். நான் ஏதாவது ஒன்றைச் சொல்லி வைப்பேன். அவளுக்கு அது போதும் என்பது போல அடுப்படிக்குப் போய்விடுவாள். இதை இன்னும் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? நேரில் சொல்ல வேண்டிய விஷயம்தான். சொல்ல வேண்டும் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மந்தின் வரைக்கும் வந்தேன். உன் வீட்டுக்கு முன்னால் இருக்கும் கடையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மருமகள் தர்ஷினியின் வளைகாப்பை நம் வீட்டில் வைக்க வேண்டும் என்று கேட்டாய். மகன் வீட்டார் வைப்பதுதானே நம் வழக்கம். அதில் நீ கேட்கக் கூடாதது ஒன்றுமே இல்லை. உன் அம்மா, "வீடு சின்னது தம்பி, எனக்கும் உடம்பு முடியல, நீங்க மந்தின்லேயே ஒரு மண்டபம் பார்த்து வெச்சுக்குங்க" என்றாள். நீ விடவில்லை. "சித்தப்பா மவ கல்யாணத்துக்கு நலங்கு இங்கதான வெச்சோம். அப்ப மட்டும் வீடு பெருசா இருந்துச்சா? அவ சிலோன்காரங்க வீட்டுப் பொண்ணுன்னு இன்னும் மனசுல வெச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டாய். அவள் பதில் சொல்லவில்லை. ஆமாம் என்பதால்தான் அவள் பேசாமல் இருக்கிறாள் என்று நீ எடுத்துக்கொண்டாய். சம்பந்தி வீட்டாரும் அப்படியே எடுத்துக்கொண்டிருப்பார்கள். தினேஷ், அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நான் சொல்லிக் கொடுத்தது. நீ போன் செய்வதற்கு முன்னாலேயே அவளை உட்கார வைத்து, இப்படிக் கேட்டால் இப்படிச் சொல் என்று பழக்கியிருந்தேன். உன் கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அதனால்தான் அவள் வாயடைத்து நின்றாள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை. நீ ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்த வருஷம் தோட்டம் கைமாறியது. நாம் குடியிருந்த லயத்தை இடித்துத் தோட்டத்து எல்லையிலேயே இந்த வரிசை வீடுகளைக் கட்டிக் கொடுத்தார்கள். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த நான், கோலா கிளாவாங் போகிற பாதையில் கல் உடைக்கும் யார்டு ஒன்று திறந்தபோது அங்கே போய்ச் சேர்ந்தேன். மலையில் தோண்டிய கல்லும், வேறு மாநிலத்திலிருந்து வருகிற கல்லும் லோரியில் வந்து குவியும். அந்தக் கல்லை லோடரில் அள்ளி மெஷின் வாயில் போடுவது என் வேலை. மெஷின் அதை அரைத்து மாவாக்கும், காய வைப்பார்கள், மூட்டை கட்டித் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். அது என்ன கல், அதில் என்ன இருக்கிறது என்று முதலாளி தவுக்கே சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரும்பு என்று ஒருவன் சொல்வான், ஈயம் என்று இன்னொருவன் சொல்வான். மெஷின் ஓடும்போது சாம்பல் நிறத்தில் புகை மாதிரி எழும்பும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் அது செம்பனை மட்டைகளைத் தாண்டி நம் வரிசை வீடுகள் வரைக்கும் வரும். கல்லுடைக்கிற இடத்தில் தூசி இல்லாமல் இருக்குமா என்று எல்லோரும் இருந்துவிட்டோம். ஒரு பள்ளி விடுமுறையில் உன்னைக் கூட்டிப்போய் லோடரில் என் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன், நினைவிருக்கிறதா? வீட்டுக்கு வந்து கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய். புருவம் எல்லாம் நரைத்துப் போயிருந்தது. நானும் சிரித்தேன்.

மணியத்தை உனக்குத் தெரியும். மெஷின் வாயருகே நின்று கல்லைத் தள்ளிவிடுகிற ஆள், உன்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவன். போன வருஷ நடுவிலிருந்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். முறுக்கிப் பிழிவது மாதிரி வலி என்பான், சாப்பாடு இறங்காது, வெளிக்கும் போகாது. முகம் வெளுத்துக்கொண்டே போனது. நான்தான் அவனுக்கு மண்டோர், மேஸ்திரி மாதிரி. என்னிடம்தான் வந்து, "அண்ணே, இன்னிக்கு முடியலண்ணே" என்பான். ராத்திரி சம்சு குடித்துவிட்டுக் காலையில் நடிக்கிறான் என்று நானே முடிவு கட்டினேன். அவன் முன்னாலேயே மற்றவர்களிடம், "தண்ணியக் கொஞ்சம் கொறைச்சா வயிறு ஏண்டா வலிக்கப் போவுது" என்று சொல்லிச் சிரித்தேன். தீபாவளிக்கு அவன் நம் வீட்டுக்கு வந்தபோது நீயும் சிரித்தாய், அதையும் நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவன் குடிப்பதை விட்டு ரொம்ப நாளாகியிருந்தது என்று பிறகு அவன் மனைவி சொன்னாள். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்கப் போனான், வலது கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது. விரலை நீட்டு என்றால் நீட்ட முடியவில்லை. "அண்ணே, கை சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்குதுண்ணே" என்றான். அன்றைக்குத்தான் அவனை மோட்டாரில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டு போனேன். அதுவும் அவனுடைய வலிக்காக இல்லை, ஆள் இல்லாமல் மெஷின் நின்றுவிட்டதே என்ற கவலையில்தான்.

அங்கே இருந்தவர் ஒரு மலாய்க்கார டாக்டரம்மா, வயது ரொம்பக் குறைவு. மணியத்தின் வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார். பல்லை ஒட்டிக் கறுநீலமாக ஒரு கோடு ஓடியது. எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். அவனிடம் இரத்தம் எடுத்தார், என்னிடமும் எடுத்தார். மணியத்தைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். சில நாள் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டு, பெரியவர்களைக் கூப்பிடுகிற மரியாதையோடு, "பாக்சிக், இது பிளம்பம்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "தீமா ஹீத்தாம்" என்றார். கறுப்பு ஈயம். தீமா என்றால் எனக்குத் தெரியுமே, என் அப்பா ஈயம் தோண்டுகிற லம்பத்தில் வேலை செய்து சாப்பிட்டவர்தானே என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அது வேறு, இது வேறு. அது டின். இது காரீயம். தூசியாக மூச்சில் போகும், கையில் ஒட்டிச் சோற்றோடு போகும், இரத்தத்தில் கலந்து எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், வருஷக் கணக்கில் அங்கேயே இருக்கும் என்றார். இரத்தத்தைக் கெடுக்கும், நரம்பைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனக்கு இத்தனை நாளாக மாத்திரைக்கு அடங்காமல் இருக்கிற பிரஷருக்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றார். பிறகு, "உடுப்பு யார் துவைக்கிறாங்க?" என்று கேட்டார். என் மனைவி என்றேன். "நாளைக்கு அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

உன் அம்மா எப்படித் துவைப்பாள் என்று உனக்குத் தெரியும். மெஷினில் போட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று என் யார்டு உடுப்பை மட்டும் தனியாக வைத்துக்கொள்வாள். பின்பக்கம் நின்று ஒவ்வொன்றாக உதறு உதறு என்று உதறி, பிறகு கல்லில் போட்டுத் தேய்ப்பாள். அத்தனை வருஷமும் அந்தத் தூசிக்கு நடுவில் நின்றிருக்கிறாள். எனக்காவது லோடரில் கண்ணாடிக் கதவு இருந்தது. இரத்தப் பரிசோதனையில் அவளுக்கு என்னைவிட அதிகமாக இருந்தது. அவளுடைய அசதி, மூட்டு வலி, இரத்தம் இல்லை என்று அடிக்கடி தலை சுற்றியது, இதையெல்லாம் வயசாகிவிட்டது என்று நாம் இரண்டு பேரும் கேலி பண்ணிக்கொண்டிருந்தோம் தினேஷ். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், பெருக்கினால் தூசி எழும்பி மூச்சில் போகும், ஈரத்துணியால் துடையுங்கள் என்றார். அதைக் கேட்டதும் உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

உன் கல்யாணப் பேச்சு முடிந்து சம்பந்தியம்மா முதல் தடவையாக நம் வீட்டுக்கு வந்த அன்று, உட்காருவதற்கு முன்னால் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நாற்காலியைத் துடைத்தார். துடைத்த துணி கறுப்பாக வந்தது. அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதது போலச் சிரித்தார். நீ பார்க்கவில்லை, நாங்கள் இருவரும் பார்த்தோம். தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணி பரம்பரை, தோட்டத்துக்காரன் வீட்டு நாற்காலியில் உட்காரக் கூசுகிறார்கள் என்று எனக்குள் கொதித்தது. அவர்கள் போன பிறகு அந்தக் கோபத்தை உன் அம்மாமேல் கொட்டினேன். "வீட்ட ஒழுங்கா வெச்சிருந்தா இந்த அவமானம் வந்திருக்குமா?" என்றேன். அதற்குப் பிறகு அவள் பெருக்காத நேரம் இல்லை. காலையில் பெருக்குவாள், மத்தியானம் பெருக்குவாள், நீங்கள் வருகிறீர்கள் என்றால் வாசலில் கார் சத்தம் கேட்கிறவரைக்கும் துடைப்பமும் கையுமாக நிற்பாள். எவ்வளவு பெருக்கினாலும் அடுத்த வேளைக்குள் மேசைமேல் விரலால் பெயர் எழுதலாம். நான் விரலால் தேய்த்துக் காட்டி, "இதான் நீ பெருக்குன லட்சணமா?" என்று கேட்டிருக்கிறேன். எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? நானே சட்டையில் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அதை அள்ளவில்லை என்று அவளைத் திட்டியிருக்கிறேன்.

அன்றைக்குக் கிளினிக்கை விட்டுக் கிளம்பும்போது டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். "வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா? கர்ப்பமா யாராச்சும் வந்து தங்கினாங்களா?" தாயின் இரத்தத்தில் இருப்பது பிள்ளைக்கும் போகும், பிள்ளையின் மூளை வளர்கிற நேரத்தில் இது ரொம்பக் கெடுதல் என்று விளக்கினார். தீபாவளிக்கு தர்ஷினி நம் வீட்டில் தங்கியிருந்தாள். பிள்ளை உண்டாகியிருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்திருந்தது. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று முன்னறையை ஒழித்துக் கொடுத்தோம், ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தாள். அது யார்டைப் பார்த்த ஜன்னல். எல்லாம் எனக்கு அந்த நிமிஷமே நினைவுக்கு வந்தது. வாய் திறந்து, "தாக் அடா, டாக்டர்" என்று சொன்னேன். யாரும் இல்லை. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மலாய் நன்றாகத் தெரியும்.

வெளியே வந்து மோட்டாரை எடுக்கும்போது, "ஏங்க பொய் சொன்னீங்க?" என்று கேட்டாள். நான் என்னென்னவோ சொன்னேன். தெரிந்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள், தோட்டத்து ஜனம் விஷத்தில் குடியிருக்கிறது என்று பேச மாட்டார்களா, தினேஷ் என்னை எப்படிப் பார்ப்பான், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, கொஞ்ச நாள்தானே தங்கினாள் என்றெல்லாம். கடைசியில், இனிமேல் அவர்கள் இங்கே வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று முடித்தேன். ஒரு மூடத்தனத்தை எவ்வளவு பெரிய பாதுகாப்பு மாதிரி பேசினேன் பார். நீ வளைகாப்புக்கு வீட்டைக் கேட்பாய் என்று தெரிந்ததும் அந்தப் பாதுகாப்புக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. உன் அம்மாவின் தலையில் கட்டிவிட்டேன். நான் சொன்னால் நீ நம்பியிருக்க மாட்டாய். மாமியார் சொன்னால் உலகம் நம்பிவிடும், அது எனக்குத் தெரிந்தே இருந்தது. நீ அவளைக் கேட்ட அந்தக் கேள்வி ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. நான் அப்போது எதிரே உட்கார்ந்து பத்திரிகை படிப்பது போல இருந்தேன். அன்றைக்கு அவள் அழுதிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் போய்ச் சோற்றை வடித்து எனக்குப் போட்டாள்.

அப்படியே நான் எவ்வளவு காலம் ஓட்டியிருப்பேனோ தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தர்ஷினி உன் அம்மாவைக் கூப்பிட்டாள். நீ பேசாமல் இருந்த நாட்களிலும் அவள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள், இது உனக்குத் தெரியுமோ என்னவோ. "மாமி, நீங்க குடுத்துவிட்ட முருங்கையிலைப் பொடி முடியப் போகுது. டொக்டர் இரும்புச்சத்து காணாது எண்டு சொல்லுறார். இன்னும் கொஞ்சம் குடுத்து விடுவீங்களோ?" என்றாள். பின்பக்கத்து முருங்கை மரம் ஞாபகமிருக்கிறதா? கிளினிக்குக்குப் போவதற்கு முன்னால் உன் அம்மா அதில் கீரை பறித்துக் காய வைத்து இடித்து, மருமகளுக்கு நல்லது என்று அனுப்பியிருந்தாள். அந்த இலைமேல் என்ன படிந்திருக்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. உன் அம்மா போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். "அனுப்ப முடியாதும்மா. ஏன்னு உங்க மாமா சொல்லுவாரு" என்று சொல்லிப் போனை என் கையில் வைத்துவிட்டாள். அதுவரைக்கும் நான் சொல்லிக் கொடுத்ததை மட்டும் பேசியவள், அன்றைக்குத் தன் வார்த்தையைப் பேசினாள்.

நான் எப்படிச் சொன்னேன் என்று முழுக்க நினைவில் இல்லை. திக்கித் திக்கிச் சொன்னேன். வைத்துவிட்டாளோ என்று, "தர்ஷினி, இருக்கியாம்மா?" என்றேன்.

"இருக்கிறன் மாமா. டப்பாவில கொஞ்சப் பொடி மிச்சம் இருக்கு. எறியாம வெச்சிருக்கிறன், டொக்டரிட்டக் குடுத்துப் பாக்கச் சொல்லலாம்." பிறகு கேட்டாள், "நீங்க ஏன் மாமா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"எதுக்கு வெக்கம்? நீங்களா அந்தத் தூசியச் செஞ்சீங்க?"

எனக்கு என்ன தோன்றியதோ, அந்தக் கைக்குட்டை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்தது. அவள் அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டாள். "ஐயோ மாமா, அம்மாவுக்குத் தூசி எண்டாலே தும்மல். லேஞ்சி இல்லாம வெளிய வரமாட்டா. எங்கட வீட்டுக் கதிரையையும் துடைச்சிட்டுத்தான் இருப்பா. கோயில் மண்டபத்திலயும் துடைப்பா." லேஞ்சி என்று அவர்கள் சொல்வது கைக்குட்டையைத்தான், கதிரை என்பது நாற்காலி. சிரித்து முடித்துவிட்டு, "அண்டைக்கு வீட்டுக்குப் போய் அம்மா சொன்னவ, அந்த வீட்டில ஏன் இவ்வளவு கறுப்பா தூசி, பக்கத்தில ஏதும் ஃபேக்டரி இருக்கோ எண்டு. நாங்கள் ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை" என்றாள். போனைப் பிடித்துக்கொண்டு நான் என்ன பாடு பட்டிருப்பேன், நினைத்துப் பார். நான் அவமானம் என்று நினைத்துக் குமைந்த ஒரு காரியத்தில், நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அந்த அம்மா கேட்டிருக்கிறார். அன்றைக்கே கோபப்படாமல், ஏன் இப்படிக் கறுப்பாக இருக்கிறது என்று நானும் கேட்டிருந்தால், உன் அம்மாவின் எலும்பில் இவ்வளவு ஏறியிருக்காது. மணியத்தின் கையும் தொங்கியிருக்காது.

அந்த வாரமே தர்ஷினி போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தாள். உன்னிடம் வழக்கமான செக்கப் என்றுதான் சொல்லியிருப்பாள். முடிவு வந்ததும் என்னைத்தான் கூப்பிட்டாள். இரத்தத்தில் இருக்கிறது, தினேஷ். அதிகம் இல்லை, ஆனால் இருக்கிறது. இந்த விஷத்துக்கு இவ்வளவு இருந்தால் நல்லது என்று ஓர் அளவு கிடையாது, ஆனால் இதற்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் இறங்கிவிடும் என்று அவளுடைய டாக்டர் சொல்லியிருக்கிறார். சுண்ணாம்புச் சத்து மாத்திரை, பால், கீரை, ஒழுங்கான சாப்பாடு, மாதா மாதம் பரிசோதனை. பிள்ளையின் வளர்ச்சி இதுவரைக்கும் சரியாக இருக்கிறதாம். பிள்ளை பிறந்த பிறகும் பார்ப்பார்களாம். மிச்சத்தைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றாராம். நான் உன்னிடம் எதையும் குறைத்துச் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. இதைச் சொல்லிவிட்டு, அவள் என்னிடம் கண்டிப்பாக ஒன்று சொன்னாள். "அவருக்கு நான் சொல்ல மாட்டன் மாமா. நீங்கதான் சொல்ல வேணும். மாமிமேல பழி இருக்கக் கூடாது. வளைகாப்புக்கு முதல் சொல்லிடுங்கோ." நான் சரி என்றேன். சொல்லிவிட்டும் நாள் கடத்தினேன். உன் வீட்டு எதிர்க் கடை வரைக்கும் வந்து திரும்பிப் போன கதை அதற்குப் பிறகு நடந்ததுதான். அவள் உன்னிடம் மறைத்தாள் என்று அவள்மேல் கோபப்படாதே. அவள் மறைக்கவில்லை, எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துக் காத்திருக்கிறாள்.

யார்டு என்னவாயிற்று என்று கேட்பாய். மணியத்தையும் கூட்டிக்கொண்டு அதிகாரிகளிடம் போய் நாங்கள் கண்டதைச் சொன்னோம். மெஷினுக்குத் தண்ணீர் அடிக்கும் குழாய் எப்போதோ உடைந்தது, யாரும் பார்க்க வருகிறார்கள் என்றால்தான் அன்றைக்கு முகமூடி கொடுப்பார்கள், குளிக்க இடம் கிடையாது, எல்லாவற்றையும் சொன்னேன். வந்து பார்த்தார்கள், மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள், வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நான் நல்ல காரியம் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு கோலா கிளாவாங் பாசாருக்குப் போனேன். லோரி ஓட்டும் செல்வம் மீன் கடையில் நின்றிருந்தான். "ஒங்களுக்கு மவன் இருக்கான், சோறு போடுவான். எங்களுக்கு யாருண்ணே இருக்கா? இத்தனை வருஷம் அந்தத் தூசியில நின்னு சம்பாரிச்சிட்டு, இப்பதான் ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். அவன் கேட்டதில் தப்பு என்ன? மணியம் விழுந்தபோது நான் போகவில்லை. உன் அம்மாவுக்கு என்று தெரிந்தபோதும் போகவில்லை. என் பேரப்பிள்ளைக்கு என்று வந்த பிறகுதான் போனேன். செல்வத்தின் வீட்டிலும் சின்னப் பிள்ளை இருக்கிறது. அதன் இரத்தத்தைப் பார்க்கச் சொல்லு என்று சொல்லப் போனேன், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் அவன் வீட்டுக்கே போனேன். அவன் வெளியே வரவில்லை, அவன் மனைவி கேட்டுக்கொண்டாள். பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாளாம். அதற்குப் பிறகு எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சில வீட்டில் நாற்காலி போடுகிறார்கள், சில வீட்டில் கதவைத் திறப்பதில்லை.

மணியத்தின் கை கொஞ்சம் தேறி வருகிறது. கரண்டி பிடிக்கிறான், ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. அவன் மனைவி முன்னால் நின்று, குடிகாரன் என்று நான் சொன்னது பொய் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே" என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நீ சுங்கை காடுட் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கிறாய், உனக்குக் கீழே எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். அதில் பங்களாதேஷ்காரர்கள் இருப்பார்கள், நேப்பாளிகள் இருப்பார்கள், சொல்ல வந்ததைச் சொல்ல மொழி தெரியாமல் நிற்பார்கள். ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், அவன் நேற்றைக்கு என்ன குடித்தான் என்று முதலில் நினைக்காதே. அவன் இங்கே எதைச் சுவாசிக்கிறான் என்று நினை. உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் இதை நான் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டேன். அந்த விலையையும் மற்றவர்கள்தான் கொடுத்தார்கள்.

உன் உடம்பையும் பார்த்துக்கொள். வீட்டை விட்டுப் படிக்கப் போகிறவரைக்கும் நீயும் அதே காற்றைத்தான் சுவாசித்தாய். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் போய் இரத்தம் கொடு, தள்ளிப் போடாதே. வளைகாப்பை மந்தினில் நல்ல மண்டபமாகப் பார்த்து வை. உன் அம்மா வருவாள், முதல் வளையலை அவள்தான் போட வேண்டும். சம்பந்தியம்மாவிடம் நானே பேசுகிறேன், அதையும் உன்மேல் போட மாட்டேன். அவர்களிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். நடந்ததைச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை. நான் அங்கே வருவதா வேண்டாமா என்பதை நீ சொல். வராதே என்றால் எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது.

உன் அம்மாவை முதலில் கூப்பிடு. என்னிடம் பேசுவதற்கு முன்னால் அவளிடம் பேசு. அவள், "பரவாயில்ல தம்பி, விடு" என்றுதான் சொல்வாள், அப்படியே பேச்சை மாற்றி நீ என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாள். அதை நம்பி விட்டுவிடாதே. உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேனம்மா என்று வாய் திறந்து சொல். அவள் உடம்பில் ஏறியது மருந்திலும் காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நீ சொன்ன அந்தச் சொல்லை எடுக்க எந்த டாக்டரிடமும் மருந்து இல்லை, அதை நீதான் எடுக்க முடியும்.

பிள்ளை பிறந்து வளரும். ஒரு நாள், தாத்தா வீட்டுக்கு நாம் ஏன் போய்த் தங்குவதே இல்லை என்று கேட்கும். அப்போது வீடு சின்னது என்று சொல்லாதே, பாட்டிக்கு முடியவில்லை என்று சொல்லாதே. தாத்தா எதைக் கொண்டுவந்து அந்த வீட்டில் கொட்டினார், தெரிந்த பிறகும் எவ்வளவு நாள் வாய் மூடிக்கொண்டிருந்தார் என்று உள்ளதைச் சொல். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு என் மடியில் வந்து உட்காருவதும் உட்காராததும் அதன் இஷ்டம். எனக்காக இந்த வீட்டில் ஒருத்தி பொய் சொன்னது போதும். நீயும் சொல்ல வேண்டாம்.

அப்பா